ஆறாவது போன்

தவமணியின் குரல் அவள் தொண்டையை விட்டுக் கிளம்பிக் கணவனின் காருக்குள் குடிபோனது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் என்பது திருச்செங்கோட்டுக் கார் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு என்பது மட்டும் இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருத்திக்குச் சொல்லக் குரல் இல்லை, இன்னொருவனுக்குக் குரல் இருந்தும் வாய் வரவில்லை. அந்த இன்னொருவன்தான் கார்க்காரன் அர்த்தநாரி, அவள் புருஷன்.

அவன் அப்பா குப்பண்ணன் நெஞ்சுவலியில் இறந்து மூன்றாம் நாள், சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து, வெளியூர்ச் சொந்தக்காரர்களை பஸ் ஸ்டாண்டில் விடலாம் என்று அவன் வண்டியை எடுத்தபோது, நாலு கதவிலும் இருந்த ஸ்பீக்கர்களிலிருந்து தவமணியின் குரல், "ஏனுங்க, வர்றப்ப பாலு ரெண்டு லிட்டரு வாங்கீட்டு வாங்க" என்றது. அவன் போன் சட்டைப்பையில் அணைந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தால் சமையற்கட்டு ஜன்னலுக்குள் தவமணி நின்றுகொண்டிருக்கிறாள், அவள் உதடுகள் அந்தக் கடைசிச் சொல்லை முடித்து அப்போதுதான் மூடுகின்றன. பின்சீட்டில் இருந்த பெரியப்பா, "ரெண்டு பத்தாது, மூணா வாங்கு, இன்னும் சனம் வரும்" என்றார். சாவு வீட்டில் ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருக்கிறது? அவனும் மூன்று லிட்டர் வாங்கிக்கொண்டுதான் வந்தான்.

தொண்டை டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, குரல்தான் இங்கே இல்லை என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குக் கீழே நிறுத்தியிருந்த வண்டியைக் காட்டினார்கள். அப்படியானால் நான் மாத்திரை எழுதிப் புண்ணியமில்லை, வண்டி பார்க்கிறவரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊர் எதையும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும், இதையும் பழகிக்கொண்டது. வீட்டில் தவமணியிடம் யாராவது எதையாவது கேட்டால் அவள் வாயசைப்பாள், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வேப்பமர நிழலில் நிற்கும் வண்டி அந்தப் பதிலைச் சொல்லும், பக்கத்து வண்டிக்காரர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டவருக்குப் போன் போட்டு, "அக்கா உளுந்து ரெண்டு கிலோ போதுங்கறாங்க, பச்சரிசி வேண்டாமாமா" என்று சேதி சொல்லுவார். கரண்டு ஆபீஸ்காரர் வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனால் அர்த்தநாரிக்கு முன்கூட்டியே சொல்லி வண்டியை வாசலில் நிறுத்தச் சொல்வார், ரேஷன் கடையில் அவளுக்கு மட்டும் கைரேகையோடு காரையும் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பேச்சு வந்து பிறகு அடங்கியது. பெண்பிள்ளைகளைத் தனியாக அனுப்புகிற வீடுகள் எல்லாம் இந்த வண்டியையே தேடி வந்து பிடித்தன. உள்ளே ஒரு பொம்பளைக் குரல் இருக்கிறது, பயமில்லை என்றார்கள். ஸ்டாண்டில் இருந்தவர்கள் மலைமேல் இருக்கும் சாமியின் பெயரை வைத்துக்கொண்டவன் பாதி பொம்பளையாகாமல் என்ன செய்வான் என்று அர்த்தநாரியைக் கேலி செய்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் தவமணி அதன் அருகில் வந்து நின்று பேசுவாள், தெருப் பெண்கள் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவள் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். பேசினாலும் வெயிலைப் பற்றி, கடலைக்காய் விலையைப் பற்றி, மாடு சினைக்கு நிற்காததைப் பற்றித்தான் பேசினாள். அர்த்தநாரி வீட்டுக்குள்ளே நின்று, ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பான். இன்றைக்குச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு. அவள் சொல்லவில்லை.

அவள் அதைச் சொன்னது தினமும் பிற்பகல் நாலு மணி பத்து நிமிடத்துக்கு மட்டும்தான். மாமனார் விழுந்து கிடந்த தண்ணீர்த் தொட்டி ஓரமாக வந்து நின்று, காருக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொல்வாள்: "ஏனுங்க, மாமாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்க. வண்டிய எடுத்துட்டுச் சீக்கிரம் வாங்க." கத்தவில்லை, அழவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். அதனால் அர்த்தநாரி நாலு மணிக்கு வாடகை எடுப்பதையே விட்டுவிட்டு, எங்கிருந்தாலும் வண்டியைக் கல்லுக்குழிப் பக்கம் ஓட்டிவந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, அந்த வாக்கியத்தைத் தனியாகக் கேட்டுவிட்டு வந்தான். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தான், குரல் குறையவில்லை. வண்டியின் பாட்டுச் செட்டை அணைத்துப் பார்த்தான், பியூசைப் பிடுங்கிப் பார்த்தான், அப்போதும் குரல் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவன் அதே கல்லுக்குழி ஓரத்தில்தான் இருந்தான், வீட்டிலிருந்து இரண்டே கிலோமீட்டரில், வண்டியில் வாடகைக்கு ஆளே இல்லாமல். அவன் வண்டியில் ஒரு வாரமாக ஒரு கோளாறு. ப்ளூடூத்தில் போன் சேர்ந்துவிட்டது என்று செட்டின் திரை சொல்லும், பாட்டு ஜோராக வரும், யாராவது கூப்பிட்டு எடுத்தால் மட்டும் அந்தப் பக்கத்துச் சத்தம் வராது. அன்றைக்கு அதை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டான். மூன்று நாற்பதுக்குத் தவமணி கூப்பிட்டாள். எடுத்தான், சத்தம் வரவில்லை. "கேக்கல, மறுபடி கூப்புடு" என்று சொல்லிவிட்டு வைத்தான். ப்ளூடூத்தை அணைத்துப் போட்டான், அவள் கூப்பிட்டாள், கேட்கவில்லை, மறுபடி கூப்புடு என்றான். போனைச் செட்டிலிருந்து நீக்கித் திரும்பச் சேர்த்தான், வண்டியை அணைத்துக் கிளப்பினான், சத்தத்தை முழுக்கத் திருகினான், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அவள் கூப்பிட்டாள், ஒவ்வொரு முறையும் மறுபடி கூப்புடு என்றான். சோதித்துப் பார்க்க இன்னொருத்தரைத் தேட வேண்டியதில்லை, இவளே கூப்பிடுகிறாள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான். ஒரு பொத்தானை அமுக்கிப் போனைக் காதில் வைத்திருந்தால் தீர்ந்தது, அது ஒரு முழம் தூரத்தில் தாங்கியில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் செட்டிடம் தோற்றுப்போக அவனுக்கு மனசில்லை. பதினோராவது அழைப்பு நாலு பத்துக்கு வந்தது. அப்போது ஸ்பீக்கரில் ஏதோ ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தவமணிக்கு அவன் குரல் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கேட்டது. அவன் எடுக்காமலே இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருப்பாள். அவன் எடுத்தான், மறுபடி கூப்பிடச் சொன்னான், அதனால் அவள் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு போனும் வரலைக்கா, அந்தப் பக்கம் டவரே இல்ல" என்று பாடை கட்டுகிற இடத்தில் அர்த்தநாரி சொன்னான். அவன் அக்கா அலமேலு, நாலு வீடு தள்ளி இருப்பவள், அப்பனுக்குச் செல்லப்பிள்ளை, தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "பக்கத்து வூட்ல பைக் நிக்குது. கூப்புட்டா வராமப் போயிருவாங்களா? அரை மணி நேரம் போனையே புடிச்சுட்டு நின்னிருக்கறா." தவமணி வாயைத் திறந்தாள், வெகுநேரம் உதடுகள் அசைந்தன. தெருமுனையில் கண்ணாடி ஏற்றி நிறுத்தியிருந்த காருக்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கேட்க அங்கே யாரும் இல்லை.

சங்ககிரி ரோட்டில் கார் செட் பொருத்தும் செங்கோட்டுவேல்தான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தான். செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான், ஒரு ஒயரும் இல்லாத அந்தப் பெட்டி மேசையில் கிடந்தபடியே, "கொளுந்து வெத்தல கெடச்சா வாங்குங்க" என்றது. அவன் பயப்படவில்லை, பொருத்தி வைத்துத் திரையில் பெயர்ப் பட்டியலைத் திறந்தான்.

"இங்க பாருங்ணா. மொதப் பேரு தவமணியக்காளுது. ரெண்டாவது உங்குளுது. இந்தச் செட்டுல அஞ்சு போனுக்குத்தான் எடம். ஆறாவதா ஒண்ணச் சேத்துனா மொதல்ல சேத்துனது தானா அழிஞ்சு போயிரும். அக்கா பேரு இருக்கறவரைக்கும் அக்கா கொரலும் இருக்கும்."

வண்டி வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது, எதையும் வீட்டு மகாலட்சுமி கையால் தொடங்க வேண்டும் என்று குப்பண்ணன்தான் மருமகளின் போனை முதலில் சேர்க்கச் சொன்னார். அர்த்தநாரிக்கு அது ஞாபகம் வந்தது.

"அழிஞ்சா மறுபடி சேத்திக்கலாமா?"

"பேரு சேருமுங்ணா. கொரல் சேருமான்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்தச் செட்டக் கழட்டி வூட்ல வெச்சிருங்க, ஒரு பேட்டரிகூட வேண்டாம். அக்கா அவிய வூட்லயே நின்னு பேசிக்குவாங்க, பாவம்."

அதைவிடச் சுலபமான, நல்ல யோசனை இருக்க முடியாது. அர்த்தநாரி, வாடகை வண்டியில் செட்டு இல்லாவிட்டால் யார் ஏறுவார்கள் என்றான். வேறு செட்டுப் போட்டுத் தருகிறேன் என்றான் செங்கோட்டுவேல். பார்க்கலாம் என்று அர்த்தநாரி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். செட்டு வீட்டுக்குள் வந்தால் தினமும் நாலு பத்துக்குத் தெருவே அந்த வாக்கியத்தைக் கேட்கும், அதை அவனால் தாங்க முடியாது.

அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தான். சித்திரையில் அலமேலு வந்து, ஆடியில் வரும் அப்பாவின் வருஷத் திதிக்கு எல்லோரும் பவானி கூடுதுறைக்குப் போக வேண்டும், நம்ம வண்டியிலேயே போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றாள். அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். திதி கொடுத்து, சாப்பிட்டு, கிளம்பினால் நாலு பத்துக்கு அலமேலு இந்த வண்டிக்குள்தான் இருப்பாள்.

செட்டைக் கல்லில் போட்டு உடைக்க அவனுக்குத் தைரியம் இல்லை, ஊரே கேட்கும். அழிக்கவா என்று திரை கேட்கும் இடம்வரை போய் மூன்று முறை விரலை எடுத்துக்கொண்டான். தன் கையால் ஒரு பாவமும் செய்யாதவன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் அவன், உலகத்தில் பெரிய பாவங்கள் பலவும் அப்படிப்பட்டவர்கள் மூலமாகத்தான் நடக்கின்றன. அதுவரைக்கும் வண்டியில் ஏறியவர்கள் பாட்டுப் போடப் போனைச் சேர்க்கட்டுமா என்று கேட்டால் கூடாது என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிக்கொண்டிருந்தவன், வைகாசியில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் தோழன் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. அது மூன்றாவது போன். ஆனியில் ஈரோட்டுக் கல்லூரியில் சேரப் போன ஒரு பெண், அண்ணா நான் சேர்த்துக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டாள், உன் இஷ்டம் கண்ணு என்றான். அது நாலு. ஐந்தாவதாக, போர்வெல் போடும் ரிக்கு வண்டி முதலாளி ஒருவர் கேட்காமலே சேர்த்தார். அன்றைக்கு அவர் போட்ட பாட்டுக்கு நடுவே தவமணியின் குரல், "மோட்டார நிறுத்தோணும், தொட்டி நெறஞ்சிருச்சு" என்று சொன்னதைக் கேட்டு, "வூட்ல நல்ல பொறுப்பானவங்க போலிருக்குது" என்றார். அர்த்தநாரிக்கு அழுகை வந்தது.

திதி அன்று காலையில் அலமேலு முன்சீட்டில் ஏறினாள். பின்னால் தவமணி, மடியில் பூஜைப் பையை வைத்துக்கொண்டு. காருக்குள் இருந்தால் அவளும் எல்லோரையும்போலப் பேசலாம், அதனால் அலமேலு கேட்டதற்கெல்லாம் நாலு கதவிலிருந்தும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எள்ளு எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க அண்ணி."

"தம்பி, சும்மா எதுக்குப் போறது, என்ர போன இதுல சேத்தி உடு. சாமி பாட்டுப் போடலாம்."

அர்த்தநாரி கண்ணாடியில் பார்த்தான். தவமணிக்குப் பட்டியலைப் பற்றித் தெரியும் என்பது அவள் முகத்தில் இருந்தது. செங்கோட்டுவேல் சொன்னானோ, அவளாகக் கண்டுகொண்டாளோ. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரம் கட்டினான். சேர்க்கவா என்று திரை கேட்டது.

"தேங்கா மட்டும் அந்தப் பைல" என்று தவமணியின் குரல் ஆரம்பித்தபோது அவன் விரல் ஆமாம் என்பதை அமுக்கியது. குரல் அந்த இடத்தில் நின்றது. அடுத்த நொடி சாமி பாட்டு ஆரம்பித்தது, ஒரு கரகரப்பும் இல்லாமல், வண்டி வாங்கின நாளிலிருந்து அவ்வளவு துல்லியமாக அந்தச் செட்டில் எதுவும் கேட்டதில்லை. அலமேலு திரும்பி, "பைல என்ன?" என்றாள். தவமணி பையைத் திறந்து தேங்காயை எடுத்துக் காட்டினாள்.

திரும்பி வரும்போது சங்ககிரியைத் தாண்டியதும் மணி நாலு பத்து ஆனது. அவன் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்தான். தவமணியின் உதடுகள் அசைந்தன. முதல் வாக்கியம், பிறகு இரண்டாவது. அலமேலு சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே அவன் அக்காவின் போனைச் செட்டிலிருந்து நீக்கிவிட்டு, தவமணியின் போனை வாங்கி மறுபடி சேர்த்துப் பார்த்தான். பெயர் வந்தது. தெருப் பெண்கள் காரைச் சுற்றி உட்கார்ந்து இருட்டும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். செட்டு பழசு, எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று ஒருத்தி சொன்னாள், ஒரு வாரத்தில் ஊர் அதையும் பழகிக்கொண்டது.

ஆனால் மறுநாளிலிருந்து நாலு பத்துக்கு அவன் போன் அடித்தது. திரையில் தவமணி பெயர். எடுத்தால் செட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டும், நிமிடங்கள் ஓடும், சத்தம் இருக்காது. முதல் நாள் அவன், ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு, மறுபடி கூப்புடு என்று வாய்வரை வந்ததை விழுங்கினான். அவள் எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்கு வேறு ஏதாவதாக இருந்தால்? அம்மா எப்போதோ போய்விட்டாள், அப்பாவும் போய்விட்டார், இனி அந்த வீட்டில் விழுவதற்கு இருப்பது தவமணி ஒருத்திதான். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவள் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அவனைப் பார்த்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அடித்தது, ஒவ்வொரு நாளும் திரும்பினான்.

புரட்டாசியில் ஒருநாள் வாடகை நேரம் தவறி, ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வண்டியில் இருந்தபோது நாலு பத்து ஆகிவிட்டது. போன் அடித்தது, அவன் எடுத்தான், எதுவும் கேட்கவில்லை. வண்டியின் வேகம் குறைந்தது.

"யாருங்க?"

"வூட்லிங்க."

"என்ன சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

அர்த்தநாரி வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். பிறகு சொன்னான்: "எங்கப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாமுங்க. வண்டிய எடுத்துட்டுச் சீக்கிரம் வரச் சொல்றா."

"அடப்பாவமே, அப்பறம் எதுக்கு நிக்கறீங்க, திருப்புங்க" என்றார் அவர்.

வழியெல்லாம் அவர்தான் பதறினார். வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பெரியவரு எங்கீங்க, தூக்கீரலாம்" என்று உள்ளே ஓடினார். ஓடியவர் மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றார். படத்தின் கீழே எழுதியிருந்த தேதியைப் படித்துவிட்டு மெதுவாக வெளியே வந்தார். சத்தம் கேட்டு அலமேலுவும் தெருவில் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள்.

"என்னம்மா இதெல்லாம்?" என்று அவர் தவமணியைக் கேட்டார்.

தவமணி வாயைத் திறந்தாள். எல்லோரும் பழக்கத்தில் காரைப் பார்த்தார்கள், அதன் நாலு கதவும் சும்மா இருந்தன. அர்த்தநாரி மட்டும் அவள் உதடுகளைப் பார்த்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அவற்றைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அவை பாடமாகியிருந்தன.

"பதினோரு தடவ கூப்புட்டேங்கறா" என்றான்.

உதடுகள் மறுபடி அசைந்தன.

"பதினோரு தடவையும் அவரு எடுத்தாருங்கறா. கேக்கல, மறுபடி கூப்புடுன்னு சொன்னாருங்கறா."

அலமேலு தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வாக்கியத்துக்காகத் தவமணியின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவள் வாயை மூடிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மிச்சத்தை அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.